மேடை நடிகருக்கு எந்த ஆட்டம்? பரதம், களரி, கூத்து, பறை

சென்ற மாதம் எங்கள் ஒத்திகையைப் பார்க்க ஒரு பெண் வந்திருந்தார். 24 வயது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சனி, ஞாயிறுதான் ஓய்வு. ஒத்திகை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், மேடையில் நடிக்க வேண்டுமென்றால் நடனம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எந்த வகுப்பில் சேரட்டும்?"

"அந்தச் சுவரிலிருந்து இங்கே வரை நடந்து வந்து நில்லுங்கள், பார்க்கலாம்" என்றேன்.

நடந்து வந்தார். நடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நின்ற பிறகுதான் தொடங்கியது. வலது கால் விரல்கள் தரையைச் சுரண்டின. எடை முழுவதும் இடது இடுப்புக்குச் சாய்ந்தது. கை, துப்பட்டாவின் நுனியைத் தேடிப் பிடித்துத் திருகத் தொடங்கியது. தான் நின்றுவிட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உடம்பு இன்னும் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

நடனம் கற்றால் நளினம் வரும், நளினம் வந்தால் நடிப்பு வரும் என்று ஒரு கணக்கு நம்மிடம் இருக்கிறது. நளினத்தால் மேடையில் பெரிய பயன் இல்லை. நிற்கத் தெரிய வேண்டும். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு, தேவைப்படும்போது மட்டும் மாற்றத் தெரிய வேண்டும். இதையெல்லாம் வாயைத் திறந்து பேசிக்கொண்டே செய்ய வேண்டும். கடைசி வரிசைக்குக் கேட்கவும் வேண்டும். ஆகவே ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்குமுன் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். இது என் மூச்சையும் குரலையும் சேர்த்துக்கொண்டு பழக்குகிறதா, அவற்றை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்கிறதா? கற்று முடித்த பிறகு ஒரு காய்கறிக்காரனாக நடிக்க வேண்டி வந்தால் இதைக் கழற்றி வைக்க முடியுமா?

தமிழ் மேடைக்கு இந்தத் தலைவலியே ஒரு காலத்தில் கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கியதைப் போன்ற, சிறுவர்களே நடித்த பாலர் சபைகளில் சேர்ந்த பையனுக்குப் பாட்டு, வசனம், ஆட்டம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, பெரும்பாலும் ஒரே பிரம்புக்குக் கீழே வந்து சேர்ந்தன. பிறகு சபா நாடகம் வந்தது. மேடைக்கு மேலே மைக் தொங்கியது. அதன் அடியில் வந்து நின்று வசனத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வது நடிப்பாயிற்று. ஒரு சோபாவும் ஒரு டெலிபோனும் இருந்தால் காட்சி நடந்துவிடும். நடிகரின் கால்களுக்கு வேலை போனது அப்போதுதான் என்பது என் எண்ணம். 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதை அந்தக் கால்களுக்கு மீண்டும் வேலை கொடுத்த முயற்சியாகவும் பார்க்கலாம். புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்த பாதிப்பிலிருந்து புறப்பட்டவர் அவர். அங்கே பயின்றவர்கள் வசனத்தோடு கூத்து அடவையும் (அடிப்படை ஆட்ட அசைவுகள்) சிலம்பத்தையும் களரியையும் யோகாசனத்தையும் சேர்த்தே பழகினார்கள். பசுபதியும் கலைராணியும் மேடையில் வெறுமனே நின்றாலே கண் அவர்களிடம் போனதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

இனி ஒவ்வொன்றாக. எல்லாவற்றுக்கும் சம இடம் கொடுக்கப்போவதில்லை.

சென்னையில் மிக எளிதாகக் கிடைப்பது பரதம். தெருவுக்கு ஒரு வகுப்பு. வீட்டிலும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். "நாடகத்துக்குப் போகிறேன்" என்பதைவிட "டான்ஸ் கிளாஸ் போகிறேன்" என்பது அம்மாக்களுக்குச் செரிக்கக்கூடிய வாக்கியம். முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவை மூன்று காலங்களிலும், அதாவது மூன்று வேகங்களிலும், தட்டிப் பழகியவரின் கால்களுக்குத் தாளம் தப்பாது. முதுகு நிமிர்ந்திருக்கும். கண் எங்கே பார்க்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். புதிய நடிகர்களில் பாதிப் பேருக்குக் கண் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும் என்பதால் இதைச் சிறிய லாபமாக எண்ண வேண்டாம்.

சிக்கல் வரிசையில் இருக்கிறது. நடிகருக்குப் பரதத்தில் மிகவும் தேவைப்படுவது அபிநயம், அதாவது முகத்தாலும் கையாலும் பொருளைக் காட்டுவது. அது கடைசியில்தான் வரும். முதலில் அடவுகள், பிறகு அலாரிப்பு, ஜதிஸ்வரம். அபிநயத்துக்கான பாடல்களான பதமும் ஜாவளியும் வெகு தொலைவில். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திராவில் டிப்ளமா படிப்பே நான்கு ஆண்டு, அதுவும் முழுநேரம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் அடவுகளை முடிக்கவே இரண்டு ஆண்டு ஆகலாம். அந்த இரண்டு ஆண்டும் வாய் மூடியே இருக்கும். பரதக் கலைஞர் பாலசரஸ்வதி பதம் ஆடும்போது தானே பாடியும் ஆடினார். அவருடைய அபிநயத்தின் மூச்சு அந்தப் பாட்டிலிருந்து வந்தது என்று சொல்லத் தோன்றும். இன்றைய வகுப்பில் பாட்டு பாடகருடையது, தாளச் சொற்களான சொல்லுக்கட்டு நட்டுவாங்கம் செய்பவருடையது, மாணவியின் உதடு மட்டும் அசையும். என் முதல் கேள்விக்கு இங்கே பாதி மதிப்பெண்தான்.

இரண்டாவது கேள்வியில் நிலைமை இன்னும் மோசம். சில ஆண்டுகளுக்கு முன் தண்ணீர்ப் பஞ்சம் பற்றிய ஒரு நாடகம் போட்டோம். லாரி வரிசையில் பிளாஸ்டிக் குடத்தோடு நிற்கும் பெண்ணாக, 12 ஆண்டு பரதம் பயின்ற ஒருவர் நடித்தார். குடத்தைத் தூக்கும்போதெல்லாம் விரல்கள் தாமாகவே ஒரு முத்திரைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்கிறது அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூலின் சுலோகம். அவருடைய கண்ணும் தவறாமல் கையின் பின்னால் போகும். தண்ணீர் வரிசையில் நிற்பவள் கையையா பார்ப்பாள்? முன்னால் நுழையப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரியை அல்லவா பார்ப்பாள்! எவ்வளவு சொல்லியும் மாறவில்லை. சொல்லி மாற்றக்கூடியதாகவும் அது இல்லை. 12 ஆண்டு உடம்பில் ஊறியது. கடைசியில் ஒரு நாள் குடத்தில் நிஜமாகவே தண்ணீரை நிரப்பினோம். 15 கிலோ எடை இடுப்பில் ஏறியதும் முத்திரை காணாமல்போனது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு ஒத்திகைக்கு வந்ததும் முதல் வேலையாகக் குடத்தை நிரப்பி வைத்துவிடுவார்.

இதைச் சொல்வதால் பரதத்தை நான் தள்ளுவதாக எண்ண வேண்டாம். சிறு வயதிலிருந்தே ஆடி வந்தவர்கள் அதை விட்டுவிடத் தேவையில்லை. கழற்றக் கற்றுக்கொண்டால் போதும். 24 வயதில், நாடகத்துக்காக மட்டும், புதிதாகத் தொடங்குபவருக்கு இது நீண்ட சுற்றுப் பாதை. ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிமெண்டுத் தரையில் அரைமண்டி தட்டாதீர்கள். பாதத்தை இடுப்பிலிருந்து திருப்பாமல் முழங்காலிலிருந்து திருப்பினால் முழங்கால் பழிவாங்கும். எனக்கு ஒரு வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. இன்றும் படி இறங்கும்போது வலது முழங்கால் 'டக்' என்று சொல்லிக் காட்டுகிறது.

அடுத்து களரி, கேரளத்தின் போர்க்கலை. நடனமே இல்லாத ஒன்றை நடனப் பட்டியலில் சேர்ப்பது ஏன் என்று கேட்கலாம். சேர்க்க நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. நடனக் கலைஞர் சந்திரலேகா 1985இல் 'அங்கிகா'வைப் படைத்தபோது பரதத்தையும் யோகத்தையும் களரியையும் ஒரே உடம்பின் வெவ்வேறு பேச்சாகப் பார்த்தார். அதற்கும் முன்பே, 1976இல், பிலிப் சரில்லி என்ற அமெரிக்க நாடகக்காரர் திருவனந்தபுரம் வந்து சி.வி.என். களரியில் கோவிந்தன்குட்டி நாயரிடம் சேர்ந்தார். அவர் கற்ற களரி, பின்னர் மேலை நாட்டு நடிகர்களுக்கு அவர் பல பத்தாண்டுகள் தந்த பயிற்சியின் முதுகெலும்பாயிற்று. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் பக்கத்தில் வீணாபாணி சாவ்லா நிறுவிய ஆதிசக்தி நாடகக் குழுவிலும் களரிக்கு அடிப்படை இடம் உண்டு. கேரளத்துச் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தின் மூச்சுப் பயிற்சியும் அங்கே சேர்ந்துகொள்கிறது.

களரி கவனத்தைக் கற்றுத் தருகிறது. மெய்ப்பயிற்று என்பது குருக்களின், அதாவது களரி ஆசானின், வாய்த்தாரிக்கு (வாய்வழிக் கட்டளைக்கு) ஏற்ப ஒரு நேர்கோட்டில் உதைத்து, தாழ்ந்து, திரும்பி, மீண்டும் உதைத்துக்கொண்டே போவது. யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு என்று விலங்குகளின் பெயரால் வடிவுகள். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் உடம்பு கஜ வடிவில் தாழ்ந்து நிற்கும்போது சட்டென்று அடங்க வேண்டும். கண் எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியை விடக்கூடாது. முகத்தில் ஒன்றும் காட்ட வேண்டாம். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். புதிய நடிகர்கள் எல்லாரும் முகத்தால் மட்டுமே நடிக்க வருகிறார்கள். களரி ஓர் ஆண்டு அந்த முகத்துக்கு விடுமுறை கொடுக்கிறது.

என் 31ஆம் வயதில் ஆறு மாதம் போனேன். முதல் மூன்று வாரம் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறுவதற்குக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. நான்காவது மாதம் ஒரு நாடகத்தில், நான் முன்னால் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு சக நடிகர் நுழைய வேண்டும். அதுவரை அவர் வந்ததை அவருடைய வசனம் தொடங்கிய பிறகுதான் அறிவேன். அன்று அவர் பக்கத்திரையை விட்டுக் காலெடுத்து வைத்ததே முதுகில் தெரிந்தது. உடம்பு முழுவதும் கண்ணாக வேண்டும் என்று களரிக்காரர்கள் மலையாளத்தில் சொல்வார்கள். அதுவரை அதை அலங்காரப் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

குறைகளும் உண்டு. குரல் முழுவதும் குருக்களுடையது. மாணவருக்கு மூச்சு மட்டும். ஆனால் மூச்சு தானாகச் சீரடைவதால் வசனத்தைச் சேர்ப்பது எளிது. ஒரு சுற்று மெய்ப்பயிற்று முடித்த கையோடு, இளைக்க இளைக்க, எட்டு வரி வசனத்தைச் சொல்லிப் பாருங்கள். முதல் மாதம் மூன்றாவது வரியிலேயே குரல் உடையும். உடையாத நாளை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளலாம். தாளம் பரதத்தின் அளவுக்கு வராது. இதிலும் கழற்றும் பிரச்சினை இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் களரியில் மூழ்கியிருந்த காலத்தில், ஓய்வுபெற்ற தபால்காரராக நடிக்க வேண்டியவர் யாரையோ உதைக்கப் போகிறவரைப் போலவே வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் சரியாயிற்று. பரதத்தின் முத்திரையைவிட இது சீக்கிரம் கரைகிறது, ஏனென்றால் இதில் பார்வையாளருக்குக் காட்டுவதற்கென்று ஒன்றுமில்லை.

பக்கத்தில் களரி இல்லாதவர் சிலம்பத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஒரு மைதானத்திலோ மொட்டை மாடியிலோ விடியற்காலையில் கம்பு சுற்றிக்கொண்டிருப்பார்கள். காலடி வரிசைகளை ஒழுங்காகச் சொல்லித் தரும் ஆசானாகப் பாருங்கள். போட்டிக்காகக் கம்பைச் சுற்றும் வேகத்தை மட்டும் கற்றுத் தரும் இடங்களில் தோள்பட்டை பெருக்கும், கால் அப்படியே இருக்கும். எதிரில் இன்னொருவர் கம்போடு நிற்கும் பயிற்சிதான் நடிகருக்குப் பொன். அவர் எப்போது அடிப்பார் என்று காத்திருக்கும் உடம்பும், சக நடிகர் எப்போது வசனத்தை முடிப்பார் என்று காத்திருக்கும் உடம்பும் ஒன்றுதான்.

கூத்துக்கு வருவோம். இதைப் பற்றி எனக்கு ஒருதலைப்பட்சம் உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

செய்யாறு, வந்தவாசிப் பக்கம் இரவுக் கூத்து பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக ஒரு காட்சி மட்டும். துரியோதனன் வரப்போகிறான். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரிகிறது. கீழே சலங்கை கட்டிய இரண்டு பாதங்கள். அவ்வளவுதான். முகவீணையும் ஆர்மோனியமும் ஏறுகின்றன. திரைக்குப் பின்னாலிருந்து அவனே பாடுகிறான்; பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். அந்தப் பாதங்கள் ஒரு முறை தட்டி நிற்கின்றன. மீண்டும் தட்டுகின்றன. முகத்தையே இன்னும் பார்க்கவில்லை. ஆனால் வந்திருப்பவன் ராஜா, அவன் கோபமாக இருக்கிறான், அவனுக்கு அவசரமில்லை என்பது மூன்றும் பாதத்திலேயே தெரிந்துவிடும். திரை விலகும்போது தோளில் கட்டைகளும் மார்புப் பதக்கமும் தலையில் கிரீடமுமாக அத்தனை சுமையோடு சுழன்று சுழன்று கிரிக்கி அடித்து, நின்ற இடத்தில் மூச்சு வாங்காமல் அடுத்த அடியைப் பாடுவான். பிறகு கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் "நீ யார் அப்பா?" என்று கேட்க, உரைநடையில் பதில் சொல்வான். பாட்டு, ஆட்டம், பேச்சு என்ற மூன்றுக்கும் நடுவே கதவே கிடையாது.

என் முதல் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கும் ஒரே பயிற்சி இது. கூத்தில் அடவும் பாட்டும் தனித்தனியாக வருவதில்லை. காலைத் தட்டும்போது எங்கே மூச்சு எடுப்பது என்பதை அங்கே யாரும் விளக்குவதில்லை. தட்டிக்கொண்டே பாடினால் உடம்பு கண்டுபிடித்துக்கொள்கிறது. விடிய விடிய ஆட வேண்டியிருப்பதால் எங்கே சக்தியைச் சேமிப்பது என்பதும் தானாக வரும். கட்டியங்காரன் வேஷம் கட்டிப் பழகினால் இன்னொரு லாபம்: எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டி இடையில் ஏதாவது சொன்னால் அதற்கும் பதில் சொல்லத் தெரியும்.

கிடைப்பதுதான் கடினம். கூத்து என்பது ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, சார்ந்த வாழ்க்கை. சனிக்கிழமை மாலை வகுப்பு இல்லை. பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் திருவிழாக்கள் நெருக்கமாக நடக்கும் மாதங்களில் வாத்தியார்களுக்குத் தூங்கவே நேரம் இருக்காது. மழைக் காலத்தில் ஆட்டம் குறைந்த பிறகு கேட்டால் மனமிரங்குவார்கள். நான் இரண்டு மழைக் காலங்கள் அப்படிப் போயிருக்கிறேன். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் படுத்து, காலையில் கொல்லையில் அடவு, மதியம் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது பாட்டு. 'பாடம்' என்று எதையும் அவர் அறிவித்ததே இல்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி பிரூயினும் முன்னின்று நடத்தும் கட்டைக்கூத்துச் (இதே கூத்தின் இன்னொரு பெயர்) சங்கம் 1990இல் தொடங்கியது. 2002 முதல் 2020 வரை அங்கே நடந்த குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் கற்றார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த கலையில் இது பெரிய மாற்றம். கற்க விரும்பும் பெண்கள் ஒரு ஜமாவை அணுகும்போது இதை நேராகவே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. சில வாத்தியார்கள் மகிழ்ந்து சொல்லித் தருவார்கள், சிலர் நழுவுவார்கள்.

தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கூத்துப் பாட்டு மேல் சுருதியில் போகும். சிறு வயதிலிருந்து பாடியவருக்கு அது இயல்பு. முப்பது வயதில் அதைக் காப்பியடித்துக் கத்தினால் பத்தாவது நாள் பேச்சே வராது. உங்கள் சுருதியில் பாட அனுமதி கேளுங்கள். கழற்றும் பிரச்சினை இங்கே இன்னொரு விதம்: வயல்வெளிக்குப் பழகிய குரலும் அசைவும், 50 பேர் உட்காரும் சிறிய அரங்கில் பக்கத்து வீட்டுச் சண்டை போலக் கேட்கும். அதைக் குறைப்பது இல்லாததைக் கூட்டுவதைவிட எளிது.

ஒரு மனக்குறையையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். நாடக விழா வருகிறது என்றால் பத்து நாளைக்கு முன் ஒரு கூத்து வாத்தியாரை வரவழைத்து, நடிகர்களுக்கு நான்கு அடவும் ஒரு கிரிக்கியும் சொல்லித்தரச் செய்து, 'கூத்துச் சாயலில்' என்று நோட்டீஸ் அடிக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. நடிகர்கள் சலங்கையைக் கட்டிக்கொண்டு குதிப்பார்கள். எடை தரைக்குப் போகாது. குதிகால் காற்றில் நிற்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வாத்தியார் முகத்தை நான் பார்ப்பதில்லை.

பறையை உடற்பயிற்சியாக யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டும். வட்டமாகவோ வரிசையாகவோ நின்று, இடது கையில் சிண்டுக்குச்சியும் வலது கையில் அடிக்குச்சியுமாக அடித்துக்கொண்டே ஆடும்போது, அடுத்தவர் எப்போது திரும்புகிறார் என்று பார்க்காமல் அறிய வேண்டியிருக்கிறது. கூட்டமாக மேடையில் இயங்க வேண்டிய நாடகங்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை எடுத்து ஆடுவதைப் பார்த்தால், வெட்கப்படும் உடம்பு எப்படித் தோளை விரித்துக்கொள்கிறது என்று புரியும். அடக்க ஒடுக்கமாக வளர்க்கப்பட்ட நடிகைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இந்தக் கருவியை அடித்ததற்காகவே ஊரால் ஒதுக்கப்பட்டவர்களிடமிருந்து கற்கிறோம் என்ற நினைவோடு போங்கள். கற்றுத் தருபவருக்கு உரிய ஊதியத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். தேவராட்டமும் தாளத்துக்கும் காலுக்கும் நல்லது. அதில் பாட்டு கிடையாது, கொட்டின் ஒலிக்கு ஆடுவதுதான்.

சினிமா நடன வகுப்புகளை நான்கு வரியில் முடித்துவிடலாம். வியர்வை வரும், கூச்சம் போகும், நண்பர்கள் கிடைப்பார்கள். எட்டு எண்ணிக்கைக்குள் அடைத்த அசைவுகள் நாடக மேடைக்கு வந்து சேர்வதில்லை. யோகாசனம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்க வேண்டியது. தனியாக அது போதாது, ஏனென்றால் பாயின் மேல் எதிரே இன்னொரு மனிதர் இல்லை. தற்கால நடனப் பட்டறைகளில் தரையில் விழவும் உருளவும் அடுத்தவரின் எடையைத் தாங்கவும் சொல்லித் தருவார்கள். உடம்பு விறைத்தவர்களுக்கு அது மருந்து. பெரும்பாலும் மூன்று நாள், ஐந்து நாள் என்று வந்து போகும்.

பட்டறை என்றதும் பட்டறைப் பறவைகள் நினைவுக்கு வருகிறார்கள். ஆண்டுக்கு எட்டுப் பட்டறை. பை நிறையச் சான்றிதழ். எதிலும் ஒரு மாதம் கூட வீட்டில் பயிற்சி கிடையாது. ஆதிசக்தியில் நடக்கும் குறுகிய பயிற்சியோ, இரிஞ்ஞாலக்குடாவில் நடனகைரளியில் ஜி. வேணு நடத்திவரும் நவரச சாதனா என்ற நடிப்புப் பயிற்சியோ மட்டமானவை அல்ல, அவை தரமானவை. ஆனால் உடம்பில் ஏற்கெனவே ஏதோ ஒன்றை இரண்டு ஆண்டு உழைத்துச் சேர்த்தவருக்குத்தான் அங்கே கிடைப்பது ஒட்டும். பசியில்லாமல் விருந்துக்குப் போனால் இலையைப் பார்த்துவிட்டு எழுந்து வரலாம்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்க முடிந்தவருக்கு இந்தத் தேர்வே தேவைப்படாது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இருக்கும் நிகழ்கலைப் பள்ளியோ, திருச்சூர் நாடகப் பள்ளியோ, டெல்லியின் மூன்றாண்டு தேசிய நாடகப் பள்ளியோ இவற்றில் பலவற்றைக் கலந்தே கொடுத்துவிடும். நம் கேள்வி வேலையும் வாடகையும் உள்ளவருடையது.

அப்படிப்பட்டவர், உடம்பை இதுவரை எதற்கும் பழக்காதவர் என்றால், முதல் ஆண்டு களரி அல்லது சிலம்பம் என்பேன். வாரம் இரண்டு காலை போதும், மூன்று என்றால் சிறப்பு. தொடங்கிச் சில மாதங்களில் மேடையில் வித்தியாசம் தெரியும் என்பதால் சோர்ந்துபோக மாட்டார். பயிற்சியோடு வசனத்தைச் சேர்க்கும் வேலையை அவரே வீட்டில் செய்துகொள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டு மழைக் காலத்தில் அலுவலகத்தில் சேர்த்து வைத்த விடுப்பை எல்லாம் திரட்டிக்கொண்டு, ஒரு கூத்து வாத்தியாரிடம் மூன்று வாரம் போய்த் தங்கலாம். களரி பழகிய கால் அடவை விரைவில் பிடித்துக்கொள்ளும். நேராகக் கூத்துக்குப் போய், முதுகும் முழங்காலும் தாங்காமல் இரண்டாம் வாரம் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாடக்கூடியவர், காஞ்சிபுரம் செய்யாறு பக்கம் வீடு உள்ளவர், உடலுழைப்பில் வளர்ந்தவர் என்றால் இந்த வரிசை தேவையில்லை. முதல் நாளே கூத்துக்குப் போகட்டும். பரதம் கற்றவர் பறைக்குப் போகட்டும். முன்பக்கம் பார்த்தே பழகிய உடம்புக்கு வட்டத்தில் நிற்பது நல்ல அதிர்ச்சி.

எதில் சேர்வதானாலும் பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தரை மண்ணா, மரமா, சிமெண்டா? ஆசிரியர் திருத்தும்போது முதலில் கையைத் திருத்துகிறாரா, பாதத்தைத் திருத்துகிறாரா? பாதத்தைத் திருத்துபவரிடம் சேருங்கள். வகுப்பு முடிந்து கற்பவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறும்போது எப்படி நடக்கிறார்கள் என்றும் கவனியுங்கள்.

இவ்வளவையும் அன்று நாற்காலி அடுக்கும் நேரத்தில் சொல்ல முடியவில்லை. டீக்கடையில் பாதி, பஸ் நிறுத்தத்தில் மீதி. அந்தப் பெண் தாம்பரம் பக்கம் ஒரு களரியில் சேர்ந்தார். மூன்று வாரம் கழித்து ஒத்திகைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். மேலே தைலத்தின் வாசம், உட்காரும்போது சின்ன முனகல். நாற்காலி அடுக்கும் நேரத்தில் மறுபடியும் சுவரிலிருந்து நடந்து வரச் சொன்னேன். கால் விரல்கள் இன்னும் சுரண்டத்தான் செய்தன. கை மட்டும் எதையும் தேடவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார்.